பெரியப்பாவுக்குக் கிடைக்காத டொச்

மொன்றியலில் வளரும் தமிழ்ப் பிள்ளையொன்று, வணிகப் படிப்பின் நடுவே ஒரு செமஸ்டர் ஜேர்மனிக்குப் போய்ப் படிக்கப் போவதாகச் சொன்னால், வீட்டில் யாரும் முதலில் பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேட்பதில்லை. “அங்க பெரியப்பா இருக்கிறார்தானே, பிறகென்ன யோசினை?” என்பதுதான் முதல் பேச்சு. பெரியப்பா இல்லாவிட்டால் சித்தி. சித்தியும் இல்லாவிட்டால் அம்மாவோடு ஒரே வகுப்பில் இருந்தவர். டோர்ட்முண்ட், எஸ்ஸன், ஸ்டுட்கார்ட், பெர்லின் என்று ஏதாவதோர் ஊரில் யாராவது ஒருவர் இருப்பார். ஈழத்தமிழ்க் குடும்பங்கள் சிதறிய விதம் அப்படி.

அந்த உறவைப் படுக்க ஓர் இடமாகவும் சாப்பிட ஒரு பிடி சோறாகவும் மட்டுமே நாம் கணக்கில் எடுக்கிறோம். அதற்குப் பின்னால் இருக்கும் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. பெரியப்பாவின் தலைமுறை ஜேர்மனியில் இறங்கியபோது, அந்த நாட்டு மொழியை முறையாகப் படிக்க அவர்களுக்கு வழியே விடப்படவில்லை. இன்று அதே குடும்பத்துப் பிள்ளையை அதே நாட்டுப் பல்கலைக்கழகம் கடிதம் போட்டு அழைக்கிறது. மொழி வகுப்பு வைக்கிறது, வணிகமும் கற்பிக்கிறது. இப்படிக் கிடைத்த நாலைந்து மாதத்தை ஆங்கில வழிப் பாடங்களிலேயே ஓட்டிவிட்டு, ரயிலிலும் மலிவு விமானத்திலும் எடுத்த படங்களோடு திரும்பி வருவதை நான் பேரிழப்பு என்றே சொல்வேன். போகிற பிள்ளை டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், படிக்க வேண்டும். ஒரு பாடமாவது, ஒரு பரீட்சையாவது அந்த மொழியிலேயே எழுதிவிட்டு வரவேண்டும். அதற்கான தயாரிப்பு மொன்றியலில், அதுவும் வீட்டுக்குப் பக்கத்திலேயே தொடங்க வேண்டும்.

ஆற்றங்கரையில் இரண்டு கல்லூரிகள்

மொன்றியல் தீவின் வட விளிம்பில், ரிவியேர் தே பிரேரி ஆற்றை ஒட்டி நீண்டு கிடக்கிறது அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில். சுமார் 1,35,000 பேர் வாழும் நகரப் பிரிவு. ஹைட்டி, அல்ஜீரியா, லெபனான், மொரோக்கோ என்று பிரெஞ்சு தெரிந்த நாடுகளிலிருந்து வந்த குடும்பங்கள் இங்கே அதிகம். தமிழ்க் கடைகளைத் தேடுகிறவர்கள் பார்க் எக்ஸ்டென்ஷனுக்கும் கோட்-டே-நேஜுக்கும்தான் போக வேண்டும். அங்கிருந்து கொஞ்சம் அமைதியான தெருவும் சின்னத் தோட்டமும் தேடி வடக்கே வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கும் உண்டு.

இந்தப் பிரிவின் தென்புறத்தில் ஷபனெல் தெரு இருக்கிறது. ஒரு காலத்தில் கனடாவின் ஆடைத் தொழிலுக்கே தலைநகரம்போல இருந்த இடம். மாடி மாடியாகத் தையல் இயந்திரங்கள், புதிதாக வந்து இறங்கிய குடியேறிகளுக்கு முதல் வேலை. 2005-ஆம் ஆண்டு தொடக்கத்தோடு உலக ஆடை வணிகத்தின் ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்ததும், தைக்கும் வேலை ஆசியாவுக்கே கப்பலேறிப் போயிற்று. எஞ்சிய கட்டடங்களில் இப்போது அலுவலகங்களும் வடிவமைப்புக் கூடங்களும் இருக்கின்றன. அனைத்துலக வணிகம் என்றால் என்ன என்று பாடநூலைத் திறக்காமலே காட்டக்கூடிய தெரு இது.

இதே பிரிவில் இரண்டு அரசுக் கல்லூரிகள். கிரெமசி மெட்ரோவுக்குப் பக்கத்தில் கொலேஜ் அஹுன்ட்சிக், 1967-இல் கியூபெக் முதன்முதலாகத் தொடங்கிய சேஜெப் கல்லூரிகளில் ஒன்று. மறுபுறம் 1968-இல் வந்த புவா-டி-புலோஞ். தமிழ்நாட்டு, இலங்கை வாசகர்களுக்கு ஒரு விளக்கம்: கியூபெக்கில் பள்ளிக்கூடம் பதினோராம் வகுப்போடு முடிந்துவிடும். அதன்பின் இரண்டு ஆண்டு சேஜெப், பிறகு மூன்று ஆண்டுப் பட்டப்படிப்பு. தொழிற்பிரிவை எடுத்தால் சேஜெப்பிலேயே மூன்று ஆண்டு. கணக்கியலும் நிர்வாகமும் படிக்கிறவர்கள் பலர் இந்த வழியாகப் போய்ப் பிறகு பல்கலைக்கழகத்தில் சேர்கிறார்கள்.

1977-இன் மொழிச் சட்டப்படி, குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளிக்கல்வியைப் பிரெஞ்சில்தான் பெற வேண்டும். வந்த புதிதில் அதை ஒரு சுமையாக நினைத்து ரொறன்ரோவுக்கு மூட்டை கட்டிய தமிழர்கள் பலர். இருந்தவர்களின் பிள்ளைகளுக்கு அதுவே சொத்தாகிவிட்டது. பதினெட்டு வயதில் வீட்டில் தமிழ், வகுப்பில் பிரெஞ்சு, தெருவிலும் திரையிலும் ஆங்கிலம். மூன்று மொழியில் சண்டை போடவும் கணக்குப் பார்க்கவும் தெரிந்த பிள்ளைக்கு நாலாவது மொழி மலைப்பாகத் தோன்றாது. மெட்ரோவில் ஜோன்-தலோன் வரை போய் நீலத் தடத்துக்கு மாறினால், 1907-இல் நிறுவப்பட்ட ஆஷ்.ஈ.சி. மொன்றியல் வணிகக் கல்லூரி. அங்கே பிரெஞ்சு, ஆங்கிலம், ஸ்பானியம் மூன்றிலும் படிக்கும் இளங்கலைப் பிரிவே உண்டு. டொச் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே டொச் வேண்டுமென்கிற பிள்ளை அதைத் தானே தேடிப் போய்த்தான் சேர்க்க வேண்டும்.

மூடுபனியில் 155 பேர்

இனி, வீட்டில் சொல்லப்படாத அந்தக் கதை.

1986 ஆகஸ்ட் 11. நியூபவுண்ட்லாந்துக் கரையருகே, சென்ட் மேரிஸ் குடாவுக்கு வெளியே மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகள் தத்தளித்தன. கஸ் டால்டன் என்ற மீனவர் அவற்றைக் கண்டார். படகுகளில் நெருக்கியடித்துக்கொண்டு 155 தமிழர்கள். அவரும் பின்னால் வந்த மற்றப் படகுக்காரர்களுமாக எல்லோரையும் உயிரோடு கரை சேர்த்தார்கள். இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் முதலில் சொன்னார்கள். சில நாளில் உண்மை வெளியே வந்தது. அவர்கள் புறப்பட்டது மேற்கு ஜேர்மனியிலிருந்து. ‘அவுரிகே’ என்ற சிறிய சரக்குக் கப்பலில் ஏறி அட்லாண்டிக்கைக் கடந்து, கரை தெரியாத இடத்தில் படகுகளில் இறக்கிவிடப்பட்டவர்கள். கனடா அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. தங்குவதற்கு அனுமதி கொடுத்தது. அவர்கள் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். இந்த இரு நகரத் தமிழர் வரலாற்றிலும் அந்த நாள் ஒரு தொடக்கப்புள்ளி.

கேட்க வேண்டிய கேள்வி, செல்வம் கொழிக்கும் மேற்கு ஜேர்மனியில் கால் வைத்துவிட்ட பிறகும் ஏன் உயிரைப் பணயம் வைத்து மீண்டும் கடலேறினார்கள் என்பதுதான். எண்பதுகளின் முற்பாதியில் நம்மவர்கள் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் நுழைந்தார்கள். அசைலம் அடித்தார்கள், அதாவது புகலிடம் கேட்டு விண்ணப்பித்தார்கள். அங்கிருந்து சின்னச் சின்ன ஊர்களிலிருந்த ஹைம்களுக்கு, அதாவது அகதி விடுதிகளுக்கு, பிரித்து அனுப்பப்பட்டார்கள். 1982-இன் புகலிடச் சட்டப்படி, ஒதுக்கப்பட்ட மாவட்டத்தை விட்டு அனுமதியில்லாமல் வெளியே போக முடியாது. இரண்டு ஆண்டு வேலை செய்யத் தடை. 1987-இல் அந்தத் தடை ஐந்து ஆண்டாக நீண்டது. பணத்துக்குப் பதில் பல இடங்களில் உணவுப் பொட்டலமும் பற்றுச்சீட்டும். விண்ணப்பம் விசாரணையில் இருக்கும்வரை அரசு மொழி வகுப்பு கிடையாது. மொழி படித்தால் வேரூன்றிவிடுவார்கள் என்பதே அதன் உள்நோக்கம். ஒருநாள் திருப்பி அனுப்பப்போகிறவருக்கு மொழி எதற்கு என்று அந்த அரசு நினைத்தது.

இருபது வயதில், படிக்கிற ஆசையோடு போன இளைஞர்கள் அவர்கள். யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பைப் பாதியில் விட்டவர்கள், பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்தவர்கள். அவர்களை ஓர் அறையில் நாலு கட்டில் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். பிறகு வேலை கிடைத்தபோது உணவகச் சமையலறையிலும் தொழிற்சாலை இரவுப் பணியிலும் காதால் கேட்டுக் கேட்டுப் பிடித்ததுதான் அவர்களுடைய டொச். அந்த டொச்சால் வீடு கட்டினார்கள், பிள்ளைகளை டாக்டரும் எஞ்சினியருமாக்கினார்கள். ஹாம் நகரத்து ஊன்ட்ராப்பில் 2002-இல் காமாட்சி அம்பாளுக்குக் கோபுரத்தோடு கோயில் எழுப்பினார்கள். ஐரோப்பாவெங்குமிருந்து ஆயிரக்கணக்கானோர் தேர்த்திருவிழாவுக்குக் கூடுகிறார்கள். ஆனாலும் வரி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால் இன்றும் மகளை அழைக்கிற பெரியப்பாக்கள் இருக்கிறார்கள். அறிவில் எந்தக் குறையும் இல்லாதவர்கள். எழுத்து மொழியைக் கற்கும் வயதில் கதவை மூடிவிட்டார்கள், அவ்வளவுதான்.

குடியேறியவர்களுக்கான மொழி வகுப்பை ஜேர்மனி சட்டமாக்கியது 2005-இல். புகலிடம் கேட்டுக் காத்திருப்போரில் ஒரு பகுதியினருக்கு அது திறந்தது 2015-இல். முப்பது ஆண்டு தாமதம்.

கார்ட்டியர்வில்லிலிருந்து போகிற பிள்ளைக்கு இதைச் சொல்லி அனுப்புங்கள். தனக்குக் கிடைத்திருக்கும் வகுப்பு இருக்கையின் விலை என்னவென்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

தவணைகள் பொருந்தாத இரண்டு நாடுகள்

பரிமாற்றப் படிப்பைப் பற்றி யோசிக்கிறவர்கள் முதலில் மோதிக்கொள்வது நாட்காட்டியில். ஜேர்மன் பல்கலைக்கழகங்களின் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1-இல் தொடங்கி மார்ச் 31 வரை. வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரி நடுவில் முடியும். பரீட்சை அதற்கும் பின்னால். மொன்றியலில் குளிர்காலத் தவணை ஜனவரி முதல் வாரங்களிலேயே தொடங்கிவிடும். ஆகவே இலையுதிர் காலத்தில் போகிற பிள்ளை, பிப்ரவரிப் பரீட்சைக்கு அங்கே இருந்தால் இங்கே அடுத்த தவணையைக் கோட்டைவிட வேண்டும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மான்ஹைம் பல்கலைக்கழகம். வணிகப் படிப்புக்கு ஜேர்மனியில் பெயர்பெற்ற அந்தப் பல்கலைக்கழகம் 2006-இலேயே தன் நாட்காட்டியை மாற்றிக்கொண்டது. அங்கே முதல் செமஸ்டர் செப்டெம்பரில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. கிறிஸ்துமஸுக்கு வீடு வந்து ஜனவரியில் மொன்றியல் வகுப்பில் உட்காரலாம்.

இரண்டாவது வழியைத்தான் நான் பரிந்துரைப்பேன். கோடைகால செமஸ்டர் ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது. வகுப்புகள் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை வரை. மொன்றியலின் ஜனவரித் தவணைக்குப் பதிலாக இதை எடுத்தால், ஜனவரியிலிருந்து மார்ச் வரை மூன்று மாதம் கையில் நிற்கும். அந்த மூன்று மாதத்தை வீணடிக்காமல் ஜேர்மனியிலேயே முழுநேர மொழி வகுப்பில் போட வேண்டும். காலை வகுப்பு, மாலை தெரு. ஏப்ரலில் வணிகப் பாடத்துக்குள் நுழையும்போது காது பழகியிருக்கும்.

பாடப்புள்ளி மாற்றத்தில் பெரிய குழப்பமில்லை. ஐரோப்பியக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு 30 புள்ளி, கியூபெக்கில் 15. ஆகப் பாதிக்குப் பாதி. ஆனால் அங்கே மதிப்பெண்ணில் 1.0 என்பது மிக உயர்ந்த தரம், 4.0 என்பது தப்பிப் பிழைத்தது, 5.0 தோல்வி. பல பாடங்களில் செமஸ்டர் இறுதியில் ஒரே ஒரு எழுத்துப் பரீட்சைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். வாராவாரம் ஒப்படையும் குழு வேலையுமாகப் பழகிய கனடாப் பிள்ளைகள் ஜூன் மாதம் வரை நிம்மதியாக இருந்துவிட்டு ஜூலையில் திண்டாடுகிறார்கள். யாரும் வந்து நினைவூட்ட மாட்டார்கள்.

தமிழ் தெரிந்தவருக்கு டொச்

டொச் கடினம் என்று பயமுறுத்துகிறவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தை மட்டும் தெரிந்தவர்கள். துணை வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் போய் நிற்பது அவர்களுக்கு வேதனை. நமக்கு அது தாய்மொழியின் நடை. நேற்று மழை பெய்ததால் நான் கடைக்குப் போகவில்லை என்று சொல்லி வளர்ந்த பிள்ளைக்கு, காரணம் கூறும் பகுதியின் வினை அந்தப் பகுதியின் ஈற்றில் வருவது புதிதல்ல. வேற்றுமை என்றால் என்ன என்று தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐ, ஆல், கு என்று பாடமாக்கிய பிள்ளைக்கு, டொச்சின் நாலு வேற்றுமைகள் எதற்காக இருக்கின்றன என்பது உடனே விளங்கும். பொருள்களுக்கு ஆண்பால் பெண்பால் சொல்வதைப் பிரெஞ்சு ஏற்கனவே பழக்கிவிட்டது. டொச்சில் மூன்றாவதாக ஒரு பால் கூடுகிறது, அவ்வளவே. டொச்சிலும் உள்ள நீ, நீங்கள் வேறுபாட்டில் எங்கே எது என்பதை ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பேராசிரியரிடமும் வங்கியிலும் எந்த வடிவத்தில் பேசுவது என்பதில் தடுமாறுகிறவர்கள் மற்ற வெளிநாட்டு மாணவர்கள்தான். ஞாயிறு காலைத் தூக்கத்தைக் கெடுத்துத் தமிழ் வகுப்புக்கு அனுப்பிய பெற்றோரின் உழைப்பு இங்கே வட்டியோடு திரும்புகிறது.

ஆனால் நேரம் போட வேண்டும். தொடக்க நிலையான ஏ1-இலிருந்து பி2 என்ற மேல் இடைநிலை வரை செல்ல ஏறக்குறைய 600 முதல் 800 பாடவேளைகள் தேவை என்பது, டொச் கற்பிக்கும் கோத்தே நிறுவனத்தின் கணக்கு. வாரம் மூன்று மணி நேரம், பதினைந்து வாரம் என்று நடக்கும் கல்லூரிப் பாடம் ஒரு தவணைக்கு 45 மணிதான். சேஜெப்பிலிருந்தே தொடங்கினாலும் இது மட்டும் போதாது. கியூபெக்கின் சில சேஜெப்புகளில் மொழிகளுக்கென்றே தனிப்பிரிவு உண்டு. மொன்றியல் பல்கலைக்கழகத்தில் டொச் பாடங்கள் உள்ளன. நகரின் சென் லோரோன் சாலையில் கோத்தே நிறுவனம் இருக்கிறது. ஜேர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட், கோடைகால மொழிப் படிப்புகளுக்கு நிதியுதவி தருகிறது. இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஜேர்மன் மண்ணில் இறங்கும்போது பி1 கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். வணிக வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெடுக்க அதற்குக் கீழே போதாது. பல துறைகள் பி2 கேட்கின்றன.

“ஆங்கிலத்திலேயே அங்க எல்லாப் பாடமும் இருக்காமே, ஏன் இவ்வளவு பாடு?” என்று கேட்கிறார்கள். இருக்கிறதுதான். ஆனால் அந்த ஆங்கில வகுப்பில் ஒருபுறம் ஸ்பெயின் மாணவர், மறுபுறம் கொரிய மாணவர். ஜேர்மன் மாணவர்களை மின்தூக்கியில் பார்ப்பதோடு சரி. அந்தப் பாடத்தை மொன்றியலிலேயே படித்திருக்கலாம்.

லெவியும் திரூரும் ஹெடஸ்டோர்ஃபும்

அங்கே போய்த்தான் படிக்க வேண்டிய வணிகம் என்று ஒன்று இருக்கிறது. அதில் எனக்கு மிகப் பிடித்தது கூட்டுறவு வங்கியின் வரலாறு. அஹுன்ட்சிக்கில் வளர்ந்த பிள்ளையின் முதல் சேமிப்புக் கணக்கு பெரும்பாலும் தேஜார்டன் கேஸ் பொப்புலேர் என்ற கூட்டுறவு வங்கியில்தான் இருக்கும். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய அல்போன்ஸ் தேஜார்டன், ஒட்டாவா நாடாளுமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். 1897-இல் கந்துவட்டி பற்றிய ஒரு விவாதத்தைக் குறிப்பெடுத்தபோது கேட்ட கொடுமைகள் அவரை உலுக்கின. ஐரோப்பியக் கூட்டுறவு வங்கிகளைப் பற்றித் தேடித் தேடிப் படித்து, கடிதம் எழுதி விசாரித்து, 1900 டிசம்பரில் லெவி என்ற ஊரில் தன் முதல் கேஸைத் தொடங்கினார்.

அவர் படித்தவற்றின் வேர்களில் ஒன்று ரைன் நதிக்கரையில் இருக்கிறது. ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன், நொய்வீட் பகுதியில் ஊர்த்தலைவராக இருந்தவர். 1864-இல் ஹெடஸ்டோர்ஃபில் ஒரு கடன் சங்கத்தை அமைத்தார். ஒருவரையொருவர் அறிந்த ஊரார் மட்டுமே உறுப்பினர். ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு. வட்டிக்காரனிடம் நிலத்தை இழந்துகொண்டிருந்த குடியானவன் தலைநிமிர அது போதுமாக இருந்தது.

இதே மனிதர் தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்தார், உடலால் அல்ல. சென்னை மாகாண அரசு, விவசாயிகளின் கடன் சுமைக்கு வழி தேடி, ஃப்ரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவின் வேளாண் வங்கிகளை ஆராயப் பணித்தது. 1895-இலும் 1897-இலும் அவர் இரண்டு பெரிய தொகுதிகளாக அறிக்கை தந்தார். அத்தனை பக்கங்களின் சாரமாக அவர் சொன்னது, ஒரு ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள் என்பதே. 1904-இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு திருவள்ளூர் அருகே திரூரில் தமிழ்நாட்டின் முதல் வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கம் எழுந்தது. 1911-இல் இலங்கையிலும் சட்டம் வந்தது. யாழ்ப்பாணத்தில் அம்மம்மா அரிசி வாங்கிய சங்கக்கடையும், மூளாய்க் கூட்டுறவு மருத்துவமனையும் இந்த மரபின் கிளைகள்தான்.

கேஸ் பொப்புலேரும் சங்கக்கடையும் உறவு முறையில் ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்பதை மொன்றியல் தமிழ்ப் பிள்ளை ஒன்று தன் கண்ணால் பார்த்து எழுத முடியும். ஜேர்மனியில் இன்னும் நூற்றுக்கணக்கான கூட்டுறவு வங்கிகள் இயங்குகின்றன. அவற்றின் ஆண்டறிக்கைகள், உறுப்பினர் கூட்டங்கள், பழைய குறிப்பேடுகள் பெரும்பாலும் டொச்சில்தான். மொழி இல்லாமல் உள்ளே போக முடியாது.

இன்னொன்று, தொழிலாளியும் நிர்வாகமும். 1976-இன் சட்டப்படி, 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் ஜேர்மன் நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுவில் பாதி இருக்கைகள் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு. 500 பேரைத் தாண்டினாலே மூன்றில் ஒரு பங்கு. வட அமெரிக்கப் பாடநூல்களில் வளர்ந்தவர்களுக்கு இது நம்ப முடியாத ஏற்பாடு. தொழிற்சங்கம் வலுவாக உள்ள கியூபெக்கிலிருந்து போகிறவர்களோ அதைப் பற்றி நல்ல கேள்விகள் கேட்பார்கள். கணக்கியலிலும் அப்படியே. ஜேர்மன் வணிகச் சட்டம் எச்சரிக்கையைத் தலையாய விதியாக வைத்திருக்கிறது. வரக்கூடிய நட்டத்தை இப்போதே பதிய வேண்டும், வரக்கூடிய லாபத்தைக் கையில் வந்த பிறகுதான் பதியலாம். கனடாவில் அனைத்துலகக் கணக்கு முறையில் பழகிய மாணவர், ஒரே நிறுவனத்தின் ஒரே ஆண்டை இரண்டு முறையில் எழுதிப் பார்த்தால் கணக்கு என்பது ஒரு பார்வை என்பது புரியும்.

ஷபனெல் தெருவின் கதைக்கும் தொடர்ச்சி அங்கே இருக்கிறது. 2023-இல் ஜேர்மனியில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. பெரிய நிறுவனங்கள் தங்களுக்குச் சரக்குத் தரும் வெளிநாட்டு ஆலைகளில் மனித உரிமை மீறல் இருக்கிறதா என்று கவனித்தே ஆக வேண்டும் என்பது அதன் கட்டளை. முதலில் 3,000 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள், 2024 முதல் 1,000 பேருக்கு மேல். அதைத் தளர்த்துவதற்கான முயற்சிகளும் நடந்துவருகின்றன. இந்த விவாதத்தின் மறுமுனையில் இருப்பவை ஆடை ஆலைகளுள்ள திருப்பூரும் இலங்கையின் கட்டுநாயக்காவும். பனியன் ஆலைத் தொழிலாளியின் தமிழையும், பெர்லின் சட்டத்தின் டொச்சையும், மொன்றியல் வணிகரின் பிரெஞ்சையும் ஒருசேரப் படிக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? அப்படி ஒருவர் கார்ட்டியர்வில்லில் உருவாக முடியும்.

வேலைக்கு உதவுமா என்று கேட்கும் பெற்றோருக்குச் சில செய்திகள் போதும். மொன்றியல் நிறுவனமான பொம்பார்டியேயின் ரயில் பிரிவுக்கு, 2021-இல் அல்ஸ்தோம் அதை வாங்கும்வரை, தலைமையகம் பெர்லினில் இருந்தது. 2017 முதல் கனடாவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையிலான வணிக ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. கியூபெக்குக்கு மியூனிக்கில் அலுவலகம் உண்டு, பவேரியாவுக்கு மொன்றியலில் உண்டு.

பணமும் காகிதமும்

பரிமாற்றத்தில் போகிறவர் கட்டணத்தைத் தன் மொன்றியல் கல்லூரிக்கே கட்டுகிறார். அங்கே செமஸ்டர் பங்களிப்பு என்று சில நூறு யூரோ மட்டும். அதில் பெரும்பாலும் பேருந்து, ரயில் பயணமும் அடங்கிவிடும். கியூபெக் அரசின் குறுகியகால வெளிநாட்டுப் படிப்பு உதவித்தொகை மாணவரின் பல்கலைக்கழகம் வழியாகக் கிடைக்கும். இளையோரின் வெளிநாட்டுப் பயணங்களுக்கு உதவும் லோஜிக் அமைப்பையும் கேட்டுப் பார்க்க வேண்டும். மாணவர் கடனும் உதவியும் பரிமாற்றக் காலத்தில் நின்றுவிடுவதில்லை. மருத்துவக் காப்புறுதி விஷயத்தில் கவனம் வேண்டும். பிரான்ஸோடு கியூபெக்குக்கு இருப்பதுபோல ஜேர்மனியோடு மருத்துவ ஒப்பந்தம் இல்லை. அங்கே சேர்ந்து மாதாமாதம் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

கனடாக் கடவுச்சீட்டு உள்ளவர் விசா இல்லாமலே போய் இறங்கி, அங்கே வதிவிட அனுமதி கேட்கலாம். சென்னையிலிருந்து போகிற மாணவருக்கு இந்த வசதி கிடையாது. முதலில் சான்றிதழ் சரிபார்ப்பு, பிறகு ஆண்டுக்கு 11,904 யூரோ முடக்கிவைத்த கணக்கு, பிறகு விசாவுக்குக் காத்திருப்பு. அத்தனையையும் தாண்டி 2023-24-இல் இந்திய மாணவர்கள் 49 ஆயிரத்துக்கும் மேல் அங்கே படித்தார்கள், வெளிநாட்டு மாணவர்களில் அவர்களே முதலிடம். அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. மொன்றியலிலிருந்து போகிறவர் அவர்களோடு பழக வேண்டும். இரண்டு தமிழும் சந்திக்க அந்தப் பல்கலைக்கழகச் சமையலறைகள் நல்ல இடம்.

தனியாக எப்படி அனுப்புவது?

பெண் பிள்ளை என்றால் இந்தக் கேள்வி வரும். அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. போரில் பிள்ளைகளைத் தொலைத்த சமூகம் இது. பிள்ளை கண்காணாத் தூரம் போவது நம்மில் பலருக்கு இன்னும் உடம்பில் உறைகிற பயம். ஆனாலும் பெரியப்பா வீட்டில் தங்கித்தான் படிக்க வேண்டும் என்று நிபந்தனை போடாதீர்கள். பல்கலைக்கழகம் இருக்கும் ஊரில், மாணவர் விடுதியில், மற்ற மாணவர்களோடு ஒரே சமையலறையைப் பங்குபோட்டு வாழ்ந்தால்தான் டொச் வாயில் வரும். பெரியப்பா வீட்டில் நாள்முழுக்கத் தமிழ்தான். வார இறுதிக்கு அங்கே போகட்டும். சோறும் மீன்குழம்பும் கிடைக்கும். அந்த வீட்டு அண்ணாவும் அக்காவும் ஜேர்மன் பள்ளியில் படித்தவர்கள். எந்தச் சொல் பாடநூலில் மட்டும் இருக்கிறது, எது உண்மையில் அலுவலகத்தில் புழங்குகிறது என்று அவர்களைவிட நன்றாகச் சொல்ல யாருமில்லை.

செமஸ்டர் முடிவில் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதச் சொல்லும் பாடம் கிடைத்தால் அதை எடுக்க வேண்டும். தலைப்புக்கு வெகுதூரம் அலைய வேண்டாம். டோர்ட்முண்டும் எஸ்ஸனும் அடங்கிய ரூர் பகுதித் தமிழ்க் கடைகள் எப்படி எழுந்தன, முதல் முதலீடு சீட்டுக்காசா வங்கிக் கடனா, மரக்கறியும் மீனும் எந்த வழியாக வருகின்றன, பாரிஸுக்கும் ஸூரிக்குக்கும் அவர்களுக்கும் என்ன கொடுக்கல் வாங்கல், பிள்ளைகள் கடையை ஏற்க விரும்புகிறார்களா. கடைக்காரரிடம் தமிழில் கேட்டு, வரிப் பத்திரத்தை டொச்சில் படித்து, மொன்றியலில் ஒப்படைக்கும் பிரதியைப் பிரெஞ்சில் எழுதலாம். பெரியப்பாவே கடை வைத்திருந்தால், கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து முதல் கேள்வியை அவரிடமே கேட்கலாம்.

அடுத்த ஆண்டுப் பரிமாற்றத்துக்கான விண்ணப்பங்களைப் பல்கலைக்கழகங்கள் ஏறக்குறைய ஓராண்டு முன்னதாகவே வாங்கத் தொடங்கிவிடுகின்றன. ஏ1 வகுப்பில் சேர அதுவரை காத்திருக்க வேண்டாம். வரும் தவணையிலேயே பெயர் கொடுத்துவிடலாம்.